ஜீரோ மாஸ்டரின் பதினோராவது படிவம்

அந்த வீட்டில் கழிப்பறையைத் தேய்த்துக் கழுவுவது மாஸ்டரின் வேலை. பதினோரு ஆண்டுகளாக அதை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. காலையில் முதல் ஆளாக உள்ளே போவார். தானே பிரஷ்ஷும் கையுமாக நின்று தேய்த்து, இரண்டு வாளி தண்ணீர் அடித்து, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வெளியே வருவார். கணையம் கெட்டுப்போனவர்களுக்குச் சாப்பிட்ட எண்ணெய் செரிக்காது. அது அப்படியே வெளியே வந்து பீங்கானில் ஒட்டிக்கொள்ளும், ஊற்றுகிற தண்ணீருக்கு மசியாமல் மிதக்கும். சாப்பாட்டோடு விழுங்குகிற கேப்சூல் அதைப் பெருமளவு கட்டுப்படுத்தும். மிச்சத்துக்கு பிரஷ்.

"இது என் சொந்தச் சொத்து, நானே பாத்துக்கறேன்" என்று மனைவியிடம் முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார். அவளும் சொத்தில் பங்கு கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரஷ் அதன் இடத்தில் இல்லை. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உள்ளிருந்து பரக் பரக்கென்று தேய்க்கிற சத்தம்.

"யாரது உள்ள?"

"நான்தான்பா."

"பிரஷ்ஷ வச்சுட்டு வெளிய வா. நான் கழுவறேன்."

"என்னுதை நானே கழுவிக்கறேன்."

"உனக்குப் பழக்கம் இல்ல, விடும்மா."

"ஒரு வருஷமா பழக்கம்தான். நீங்க பட்டறைக்குப் போனப்புறம் கழுவுவேன். இன்னைக்கு சீக்கிரம் வந்துட்டுது, அவ்வளவுதான்."

மாஸ்டருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சமையலறை வரைக்கும் நடந்தார். அங்கிருந்து வாசல் கதவு. திரும்பவும் கழிப்பறை. மகள் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஏன் இப்படிக் கூண்டுல விட்ட மாதிரி சுத்தறீங்க?" என்றாள் மனைவி, முட்டை உரித்துக்கொண்டே. "மத்த வீட்டுல அப்பாவும் பொண்ணும் டிவி ரிமோட்டுக்கு அடிச்சுக்குவாங்க. இங்க அடிச்சுக்கறதுக்குக் கிடைச்ச சாமானைப் பாரு."

மாஸ்டர் சிரித்தார். சிரித்த வேகத்தில் இடது விலாவுக்குக் கீழே ஏதோ இழுத்தது. முட்டைத் தட்டை எடுக்கப் போகிறவர் மாதிரி மேடைப் பக்கம் குனிந்து நின்றுகொண்டார்.

*

அவருக்கு வலி வந்தது பதினேழு வயதில். கார்களுக்கு சீட் கவர் தைக்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. மேல் வயிற்றில் ஆரம்பித்து முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகிற வலி. நிற்க முடியாது, மல்லாந்து படுக்க முடியாது. முன்னால் குனிந்தால் கொஞ்சம் விடும். முட்டியும் கையும் ஊன்றி நாலு காலில் நின்றால் இன்னும் கொஞ்சம் விடும். ஆஸ்பத்திரியில் போட்டோ எடுத்துப் பார்த்து, கணையத்துக்குள் கல் கல்லாக இருக்கிறது என்றார்கள். எதனால் என்று கேட்டதற்கு, பதிலுக்குக் கேட்டார்கள்: "எத்தனை வருஷமா குடிக்கறே?"

அதிலிருந்து அந்தக் கேள்வி அவரை விடவில்லை. பெண் கொடுக்க வந்தவர்கள் கேட்டார்கள், பட்டறை முதலாளி கேட்டார், ஊசி போட வந்த நர்ஸ் கேட்டாள். மாஸ்டர் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. "குடிச்சிருந்தாலாவது ஒரு ஆறுதல் இருந்திருக்கும்" என்பார் பட்டறையில், எல்லாரும் சிரிப்பார்கள். சில பேருக்குக் காரணமே இல்லாமல் வரும், சில குடும்பங்களில் ரத்தத்தோடு வரும் என்று சொல்ல ஒரு டாக்டர் கிடைப்பதற்குப் பதினெட்டு வருடம் ஆனது.

அந்த டாக்டரம்மாதான் அவருடைய முப்பத்தைந்தாவது வயதில் வயிற்றைத் திறந்தவர். கணையத்தின் குழாயை நீளவாக்கில் பிளந்து, கற்களைப் பொறுக்கி எடுத்து, திறந்த குழாயைக் குடலோடு சேர்த்துத் தைத்தார். "உங்க தொழில்தான் மாஸ்டர், கொஞ்சம் வழுக்குற துணி" என்று அவர் சொன்னதை மாஸ்டர் இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்வார்.

வலி நின்றது. ஒரேயடியாக இல்லை. ஊசி மருந்துக்குப் பழகிப்போயிருந்த உடம்பு அதைக் கேட்டு மூன்று மாதம் அடம்பிடித்தது. அப்புறம் நின்றது. நாற்பத்து மூன்று கிலோ இருந்தவர் ஐம்பத்தெட்டுக்கு வந்தார். முதலாம் ஆண்டு முடிவில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு படிவம் வந்தது. அறுவை செய்துகொண்டவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று வருடாவருடம் கேட்டு எழுதி வைப்பார்களாம். கடந்த மாதத்தில் உங்கள் வலி எவ்வளவு? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்.

"ஜீரோ" என்றார் மாஸ்டர். இரண்டாம் ஆண்டும் ஜீரோ. ஆறாம் ஆண்டில் சர்க்கரை வந்து இன்சுலின் போட ஆரம்பித்தார். டாக்டரம்மா அது எப்படியும் ஒருநாள் வரக்கூடியதுதான் என்று முன்பே சொல்லியிருந்தார். அந்த வருடமும் வலி ஜீரோ. ஆஸ்பத்திரி நடையில் யாராவது அறுவைக்குப் பயந்து உட்கார்ந்திருந்தால் டாக்டரம்மா அவரைக் கூப்பிடுவார். "ஜீரோ மாஸ்டர், இப்படி வாங்க. இவர்கிட்ட கொஞ்சம் பேசுங்க." மாஸ்டர் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டுவார். கையால் ஒரு வட்டம் போடுவார். அவர் வட்டத்தை நம்பி மேஜையில் படுத்தவர்கள் எட்டு ஒன்பது பேராவது இருப்பார்கள். அப்போதெல்லாம் அது உண்மை. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

மகளுக்கு முதல் வலி பதினெட்டாவது வயதில் வந்தது. கல்லூரியில் தேர்வு எழுதிக்கொண்டிருந்தவள், மேஜைமேல் குனிந்து அப்படியே இருந்துவிட்டாள். தூங்குகிறாள் என்று நினைத்து மேற்பார்வைக்கு நின்றவர் தோளைத் தட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் போட்டோவைப் பார்த்து யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் எல்லாருக்கும் அந்தப் படம் தெரியும்.

இரண்டு வருடத்தில் நான்கு தடவை படுக்கையில் கிடந்தாள். போன மாதம் டாக்டரம்மா சொன்னார்: "அப்பாவுக்குப் பண்ணினதே உனக்கும் பண்ணிடலாம். அவர் பதினெட்டு வருஷம் தள்ளிப்போட்டு வந்தார். சீக்கிரம் பண்ணினா இன்னும் நல்லா இருக்கும். வியாழக்கிழமை வரும்போது முடிவைச் சொல்லு."

மாஸ்டரின் பதினோராவது படிவத்தையும் அதே வியாழக்கிழமைதான் கொடுக்க வேண்டும். மகள் போன மாதம் டாக்டரம்மாவைப் பார்த்த அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டாள்.

"டாக்டரம்மா சொல்றது நூறு பேர் கணக்கு. எனக்கு ஒருத்தர் கணக்கு போதும். அப்பா என்ன எழுதறாரோ அதைப் பாத்துட்டு நான் சொல்றேன்."

"அதுல பாக்கறதுக்கு என்னடி இருக்கு? அது எப்பவும் ஜீரோதான்" என்றாள் அம்மா.

மாஸ்டர் அப்போது செருப்பை மாட்டிக்கொண்டு இல்லாத வேலைக்கு வெளியே போனார்.

*

நான்கு மாதத்துக்கு முன்னால், ஒரு பழைய காரின் பின் இருக்கையை மாட்டுவதற்காக உள்ளே மல்லாந்து படுத்திருந்தபோது அது வந்தது. ஓங்கி அடிக்கிற பழைய வலி இல்லை. ஆனாலும் அடையாளம் தெரிந்தது. பல வருடம் முன்னால் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன ஆள், சாவியைத் திருப்பித் தராமலே போயிருந்த மாதிரி.

வாயுவாக இருக்கும் என்று இரண்டு வாரம் ஓட்டினார். கேப்சூல் கூடுதலாக ஒன்று போட்டுப் பார்த்தார். அப்புறம் வெட்டி மிச்சமான ஃபோமில் ஒரு துண்டை எடுத்து அரைவட்டமாக அறுத்தார். ஒரு சாண் அகலம், கீழே நாலு விரல் கனம், மேலே இரண்டு விரல். கறுப்பு ரெக்சின் போட்டுச் சுற்றி, தையல் மிஷின் பலகையின் ஓரத்தில், தான் உட்காருகிற பக்கம் இரண்டு வாரால் கட்டினார். வயிற்றை அதில் அழுத்திக் குனிந்து தைத்தால் வலி அடங்கியது. கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் பதினெட்டு வருடம் அப்படித்தான் தைத்தார். அளவெடுக்கத் தேவையில்லை, கைக்கே தெரியும்.

இதில் ஒரு விபரீதம் என்னவென்றால், குனிந்து உட்காருவதுதான் அவர் தொழில். வலியில் இருக்கிற மாஸ்டரும் வேலையில் இருக்கிற மாஸ்டரும் பார்வைக்கு ஒரே ஆள்தான். வலி கூடக் கூட அவர் மிஷினை விட்டு எழுந்திருப்பது குறைந்தது. முதலாளி மற்றவர்களிடம் அவரைக் காட்டி, "உடம்பு தேறின மனுஷன் எப்படி உழைக்கறார் பாருங்கடா" என்றார். வீட்டிலும் தாமதமாக வந்தால், "வேலை நிறைய போலிருக்கு" என்று மனைவி சந்தோஷமாகக் கேட்டாள். ஆமாம் என்றார். அது பொய்யில்லை. நாலு மாதத்தில் யாரும் தைக்காத அளவுக்குத் தைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை மதியம் இன்சுலின் பேனாவை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். முன்பெல்லாம் மறக்க மாட்டார். மகள் அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். வாசலில் நின்ற காரின் பின் கதவு வழியே அப்பாவின் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. பக்கத்தில் கார்களுக்கு வண்ணம் அடிக்கிற பெயிண்டர், முகத்தில் கட்டியிருந்த துணியை இறக்கினார்.

"வாம்மா. இப்பதான் உள்ள பூந்தார், வர அஞ்சு நிமிஷம் ஆகும். அவர் நாற்காலியிலேயே உக்காரு. காலியா இருக்கறதே அதிசயம்."

"ஏன் மாமா?"

"உங்கப்பாவை மிஷின்லேர்ந்து பிச்சு எடுக்க முடியலைம்மா இப்பல்லாம். நாங்க டீ குடிக்கப் போவோம், வர மாட்டார். நாங்க வீட்டுக்குப் போவோம், அவர் மிஷினைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பார். முதலாளிக்கு ஒரே குஷி. கெட்ட பேர் எங்களுக்கு."

"எப்பலேர்ந்து?"

"ஒரு மூணு நாலு மாசமா. என்ன, வீட்டுல உங்கம்மா கூட சண்டையா?" என்று கண்ணடித்துவிட்டு பெயிண்டர் துணியை முகத்தில் ஏற்றிக்கொண்டு போனார்.

மகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே மிஷின் பலகையின் ஓரத்தில் கறுப்பு ஃபோம் துண்டு கட்டியிருந்தது. அவள் வீட்டில் படிக்கிற மேஜைக்குப் போன வருடம் மாஸ்டர் இதே மாதிரி ஒரு துண்டு செய்து கொடுத்திருந்தார், பழுப்பு நிறத்தில். அதில் வயிற்றை அழுத்திக்கொண்டுதான் அவள் இரண்டு தேர்வுகளுக்குப் படித்தாள். ஃபோம் புதிதாக இருக்கும்போது திமிறும். தினமும் ஒரு ஆள் சாய்ந்தால்தான் மூன்று நாலு மாதத்தில் நடுவில் பள்ளம் விழும். அது அவளுக்குத் தெரியும்.

கறுப்புத் துண்டின் நடுவில் பள்ளம் இருந்தது. அவள் முன்னால் குனிந்து தன் வயிற்றை அதில் வைத்துப் பார்த்தாள்.

காருக்குள்ளிருந்து மாஸ்டர் ஊர்ந்து வெளியே வந்தபோது நாற்காலியில் யாரும் இல்லை. இன்சுலின் பேனா கறுப்புத் துண்டின் பள்ளத்தில், உருளாமல், நடுவில் கிடந்தது.

"பொண்ணு எங்க?"

"கிளம்பிருச்சே. உங்ககிட்ட சொல்லலையா?" என்றார் பெயிண்டர்.

அன்றைக்கு மாஸ்டர் ஒரு ஜோடி முன் இருக்கைக்கு உறை தைத்தார். இரண்டையும் இடது பக்கத்துக்கே தைத்துவிட்டார். முப்பது வருடத்தில் செய்யாத தப்பு. ஒன்றைப் பிரித்து மறுபடி வெட்டி மறுபடி தைத்தார். அதன் விளிம்பில் வைத்துத் தைக்கிற பைப்பிங் பட்டை கோணிக்கொண்டது. அதையும் பிரித்தார்.

*

புதன்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு மனைவி படிவத்தை விரித்தாள். அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண் பரிசோதனைக்கு வருகிறவர்களை உட்கார வைத்து, சுவரில் இருக்கும் எழுத்துப் பலகையைக் குச்சியால் காட்டி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாள் முழுவதும் கேட்பவள். வருடாவருடம் படிவத்தையும் அந்தக் குரலில்தான் நிரப்புவாள். முன்பெல்லாம் மாஸ்டருக்கு அது ஒரு வேடிக்கை. ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பதில் சொல்வார்.

இன்று அவர் உட்காரவில்லை. மகள் தன் அறை வாசலில், கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். பழுப்பு ஃபோம் துண்டை வயிற்றோடு அணைத்திருந்தாள். நேற்று மதியத்திலிருந்து அவள் அப்பாவிடம் பேசவில்லை. அவர் வருகிற இடத்திலிருந்து எழுந்து போனாள், போன இடத்தில் நிற்காமல் திரும்பி வந்தாள். அவரும் அதையே செய்தார். சின்ன வீட்டில் இரண்டு பேர் அப்படி நடமாடினால் மூன்றாவது ஆளுக்குத் தலை சுற்றும்.

"உக்காருங்களேன். எடை?"

"ஐம்பத்தாறு."

"போன வருஷம் ஐம்பத்தெட்டு."

"வேலை ஜாஸ்தி."

"கேப்சூல் வேளைக்கு எத்தனை?"

"ரெண்டு. இல்ல, மூணு."

மனைவி நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினாள். "இன்சுலின் மூணு வேளை. எழுதிட்டேன். வலி மாத்திரை எடுத்துக்கறீங்களா, இல்லை. அதுவும் ஆச்சு. அடுத்து, கடந்த மாதத்தில் உங்கள் வலி..."

"ஜீரோ."

பேனா காகிதத்தில் இறங்கவில்லை.

"நான் இன்னும் கேட்டே முடிக்கலை."

"அதான் தெரியுமே. வருஷாவருஷம் அதே கேள்வி."

மனைவி பேனாவின் மூடியை மூடினாள். "எங்க கடைக்கு லாரி டிரைவருங்க வருவாங்க. கண்ணு நல்லா தெரியுதுன்னு சர்ட்டிபிகேட் வேணும். அதுல சில பேரு முன்னாடியே ஆளை அனுப்பி எழுத்துப் பலகையை மனப்பாடம் பண்ணிட்டு வருவாங்க. நான் குச்சியை எடுக்கறதுக்குள்ள கடைசி வரி வரைக்கும் ஒப்பிச்சிடுவாங்க. பாத்துப் படிக்கறவன் ஒரு எழுத்துலயாவது தயங்குவான். மனப்பாடம் பண்ணினவன் தயங்கவே மாட்டான்."

மாஸ்டர் ஜன்னல் பக்கம் போனார்.

"நீங்க இப்ப தயங்கலை."

"இது என்னம்மா போலீஸ் விசாரணை மாதிரி..."

"அப்பா பட்டறையில கறுப்பு ஒண்ணு இருக்கும்மா" என்றாள் மகள் வாசலிலிருந்து. அவள் வந்து பழுப்புத் துண்டை மேஜைமேல் வைத்தாள். "இதே அளவு. பள்ளம் என்னுதை விட ஆழமா இருக்கு."

மனைவிக்குப் புரிய ஒரு நொடி ஆனது. துண்டைப் பார்த்தாள், மாஸ்டரின் முதுகைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

அவர் ஜன்னலைச் சாத்தினார்.

"உங்களைத்தாங்க. எத்தனை நாளா?"

"நாலு மாசம்."

"நாலு மாசம்! வேலை நிறையன்னு நான் எதிர் வீட்டுல எல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேனே, அது இதுதானா? என்கிட்ட சொல்றதுக்கு என்ன? நாக்குல சுளுக்கா?"

"பெரிசா ஒண்ணும் இல்லம்மா. முன்ன மாதிரி இல்ல."

"பெரிசா சின்னதான்னு டாக்டரம்மா சொல்லட்டும். நீங்க யாரு சொல்றதுக்கு? சீட்டு தைக்கறவரு."

"இவளுக்கு முடிவு சொல்ற நேரத்துலயா நான் போய்ச் சொல்றது?" மாஸ்டர் திரும்பினார். குரல் அவர் நினைத்ததைவிட உரக்க வந்தது. "இவ என்ன சொன்னா? என் நம்பரைப் பாத்துட்டுத்தான்னு சொன்னாளா இல்லையா? நான் வேற ஒண்ணை எழுதினா, வேண்டாம்னு சொல்லிட்டு உக்காந்துருவா. பதினெட்டு வருஷம் நான் கிடந்த மாதிரி கிடப்பா. அதை நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

"அதனால பொய் எழுதுவீங்களா?" என்றாள் மகள். "அதை நம்பி நான் போய்ப் படுக்கணும். பத்து வருஷம் கழிச்சு எனக்குத் திரும்ப வந்தா, அப்ப யார்கிட்ட வந்து கேக்கறது?"

மின்விசிறிக் காற்றில் படிவத்தின் ஓரம் எழுந்து எழுந்து படிந்தது. மனைவி அதன்மேல் பழுப்புத் துண்டை எடுத்து வைத்தாள். அப்புறம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். இந்தத் தடவை மாஸ்டர் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தன்னையறியாமல் முன்னால் குனிந்தார். இரண்டு பெண்களும் அதைப் பார்த்தார்கள்.

"சரி. திரும்பக் கேக்கறேன்" என்றாள் மனைவி. கடைக் குரல்தான், ஆனால் மெதுவாக. "கடந்த மாதத்தில் உங்கள் வலி எவ்வளவு?"

அவர் உடனே சொல்லவில்லை. மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சில நாள் ரெண்டு. போன வாரம் ஒருநாள் அஞ்சு இருக்கும். பெரும்பாலும்... மூணு."

"மூணா, நாலா?"

"நாலு."

அவள் நாலு என்று எழுதினாள். பத்துப் படிவங்களின் அந்தக் கட்டத்தில் அவள் போட்டதெல்லாம் ஒரே ஒரு வட்டம். நாலு அவள் கைக்குச் சரியாக வரவில்லை, இன்னொரு தடவை மேலேயே அழுத்தி எழுதினாள்.

"அறுவைக்கு முன்னால?"

"பத்து" என்றார். "அதுக்கு மேல நம்பர் இல்லைன்னாங்க."

மகள் எதிரில் உட்கார்ந்தாள். "எனக்கு அஞ்சு வயசு இருக்கும்பா. நீங்க அந்த ரூம்ல நாலு கால்ல நிப்பீங்க. நான் குதிரைன்னு நெனச்சு முதுகுல ஏறிக்குவேன். அப்பல்லாம் உங்களுக்கு வலியா?"

"ம்."

"எறங்குன்னு ஏன் சொல்லலை?"

"நீ உக்காந்தா கொஞ்சம் நல்லா இருந்துச்சு." அவர் லேசாகச் சிரித்தார். "பதினஞ்சு கிலோதான் இருப்பே. சரியான கனம்."

மனைவி எழுந்து போய் சமையலறையில் குழாயைத் திறந்து மூடிவிட்டு வந்தாள். எதற்கென்று கேட்டிருந்தால் அவளுக்கே தெரிந்திருக்காது. உட்கார்ந்து கடைசிக் கேள்விக்கு வந்தாள். அந்தக் கேள்வியை இத்தனை வருடம் அவள் வாய்விட்டுப் படித்ததே இல்லை. ஆம் என்ற கட்டத்தில் தானே ஒரு குறி போட்டுவிட்டு மடித்துவிடுவாள். இன்று படித்தாள்.

"இதே நோய் உள்ள இன்னொருவருக்கு இந்த அறுவையைச் செய்துகொள்ளச் சொல்வீர்களா? ஆம், இல்லை."

படிவத்தையும் பேனாவையும் அவர் முன்னால் நகர்த்தினாள். "இதை நீங்களே போடுங்க."

மாஸ்டர் பேனாவை எடுத்தார். ஆஸ்பத்திரி நடையில் முகம் தெரியாத எட்டு ஒன்பது பேருக்குச் சட்டையைத் தூக்கிக் காட்டிச் சொன்ன பதில்தான். பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"எனக்குன்னா, நாளைக்கே திரும்பவும் போய்ப் படுப்பேன்" என்றார் மகளிடம். "சத்தியமா சொல்றேன். இந்தப் பதினோரு வருஷத்துல பத்தரை வருஷம் நான் சாதாரண மனுஷனா இருந்தேன். சாப்பிட்டேன், தூங்கினேன். உன்னை சைக்கிள்ல வச்சு ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டேன். சர்க்கரை வந்தது, கேப்சூல், பிரஷ், எல்லாம் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். வலியோட வச்சுப் பாத்தா அதெல்லாம் தூசு. இப்ப வந்திருக்கற இந்த நாலும் அந்தப் பத்துகிட்ட நிக்காது."

"சரி. அப்ப ஆம்னு போடுங்க."

"எனக்குன்னா போட்டிருப்பேனே."

"அதுல எனக்குன்னு போடலைப்பா. இன்னொருவருக்குன்னு போட்டிருக்கு."

"தெரியும்."

"அந்த இன்னொருவர் இப்ப நான்."

பேனா ஆம் என்ற கட்டத்துக்கு மேலே போய் நின்றது. இல்லை என்ற கட்டத்துக்கு நகரவில்லை, ஆனால் இறங்கவும் இல்லை. மாஸ்டரின் கை மிஷினில் ரெக்சினைத் தள்ளும்போது மயிரிழை பிசகாத கை. இப்போது ஒரு குறி போட வரவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, காற்றில் எழுந்த படிவத்தின்மேல் துண்டை நகர்த்தி வைத்தார்.

"உன் வயித்தைத் திறக்கச் சொல்லி என் கையால போட வரமாட்டேங்குதும்மா."

"போடாதீங்க" என்றாள் மனைவி சட்டென்று. பிறகு, "போடுங்க" என்றாள். பிறகு எழுந்து, ஏற்கெனவே துடைத்த மேஜையை மறுபடி துடைக்கத் துணியைத் தேடினாள்.

மகள் எழுந்து நின்றாள். ஒரு கையை மேல் வயிற்றில் வைத்திருந்தாள். வலியா பழக்கமா என்று மாஸ்டரால் கண்டுபிடிக்க முடியவில்லை. தன்னையே இத்தனை பேர் கண்டுபிடிக்காமல் இருந்தது எப்படி என்று இப்போது புரிந்தது.

"நாளைக்குக் காலையில டாக்டரம்மா என்கிட்ட கேப்பாங்க" என்றாள். "நான் என்னப்பா சொல்லட்டும்?"

மாஸ்டர் மகளைப் பார்த்தார். மனைவி துணியோடு நின்ற இடத்தில் நின்றாள். இரண்டு வெற்றுக் கட்டங்களும் நாலும் பத்தும் பழுப்புத் துண்டுக்கு அடியிலிருந்து பாதி தெரிந்தன.

"என்னுதை நானே போட்டுக்கறேன்" என்ற மகள், துண்டைத் தூக்கிவிட்டுப் படிவத்தை எடுத்து நாலாக மடித்தாள். பேனாவையும் எடுத்துக்கொண்டாள். துண்டை அப்பாவின் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, அறையை விட்டு வெளியே போனாள்.